சுமைதாங்கி: நாமக்கல்லிலிருந்து காசி வரை

நாமக்கல் நகரம் ஒரே பாறையைச் சுற்றி அமைந்த ஊர். பேருந்து எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்த வெண்பாறைக் குன்றும் அதன் உச்சியிலுள்ள கோட்டை மதிலுமே. குன்றின் மேற்கே குடைவரையில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். கிழக்கே மற்றொரு குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அதியர் குல மன்னர்கள் 8ஆம் நூற்றாண்டில் குடைவித்த கோயில்கள் இவை. நரசிம்மரை நோக்கிக் கைகூப்பியபடி 18 அடி உயரத்தில் நிற்கிறார் ஆஞ்சநேயர். அவருக்கு மேற்கூரை கிடையாது. குன்றே வடிவாகிய தம் இறைவன் வெயிலிலும் மழையிலும் நிற்கையில் தமக்கு மட்டும் எதற்கு நிழல் என்று அவர் மறுத்துவிட்டதாக ஊரார் சொல்வர்.

இந்தக் குன்று வந்த வரலாறும் ஒரு சுமையின் வரலாறே. சஞ்சீவி மலையைச் சுமந்து சென்று திரும்பிய அனுமன், கண்டகி நதியில் ஒரு சாளக்கிராமத்தைக் கண்டெடுத்து வான்வழியே கொண்டு வந்தார். வழியில் கமலாலயக் குளத்தைக் கண்டு, நீராடிச் சந்தி செய்ய எண்ணி இறங்கினார். கையிலிருந்த சாளக்கிராமத்தைத் தரையில் வைக்கலாகாது. கரையில் நரசிம்ம தரிசனத்தை வேண்டித் தவமிருந்த திருமகளிடம் அதைக் கொடுத்தார். குறித்த நேரத்துக்குள் அவர் திரும்பாமற்போகவே, தாயார் அதைக் கீழே வைத்தார். சாளக்கிராமம் வளர்ந்து குன்றாயிற்று. மலையைத் தூக்கி வந்த மாருதியால் அந்தச் சிறு கல்லை மறுபடி அசைக்க இயலவில்லை என்கிறது தலபுராணம். திருமகள் அங்கே நாமகிரித் தாயாராக எழுந்தருளினார். கணித மேதை சீனிவாச இராமானுஜன் தம் குலதெய்வமாகப் போற்றிய தாயார் இவரே.

பெருஞ்சுமையைச் சுமந்த தெய்வம் காவல் நிற்கும் ஊரில், சுமை ஏற்றும் தொழிலே தலைத்தொழிலாக வளர்ந்தது பொருத்தந்தான். நாமக்கல்லைச் சுற்றிலும் லாரி பாடி கட்டும் பட்டறைகள். எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் இவ்வூர் பேர்பெற்றது. எஞ்சினும் சேசிஸுமாக வந்து சேரும் வண்டி இங்கே மரமும் இரும்பும் வண்ணமும் பெற்று லாரியாக வெளியேறுகிறது. புதிய லாரியை ஆஞ்சநேயர் சந்நிதிக்குக் கொண்டுவந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்திய பிறகே முதல் லோடு ஏற்றுவார்கள்.

தந்தை போகாத ஊர்

அத்தகைய பட்டறை ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தை மாதக் கடைசியில் ஒருவர் தம் புல்லட் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 60. உடன் வந்தவன் அவருடைய தம்பி மகன், 25 வயது இளைஞன். காசிக்குப் போய்வர வண்டிக்கு ஒரு கேரியர் கட்டித் தர வேண்டும் என்பது அவர்களின் வேண்டுகோள்.

ரயிலில் போகலாமே என்று பட்டறை மேஸ்திரி கேட்டார். அதற்கு அவர் கூறிய விடை மேஸ்திரியை மேலே பேச விடாமல் செய்தது. அவருடைய தந்தை முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, நாமக்கல், சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாக வாரணாசியில் முடிந்தது, 2,300 கி.மீ.க்கும் மேற்பட்ட நீளம். தந்தையின் வீடு அந்தச் சாலையின் ஓரத்தில் இருந்தது. அவருடைய லோடும் அந்தச் சாலையிலேயே போயிற்று. எத்தனையோ முறை ஜபல்பூர் வரை சென்றிருக்கிறார். அதே சாலையின் மறுமுனையில் காசி இருந்தது. ஆயினும் லோடு இறக்கியவுடன் திரும்ப வேண்டும். முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 'அடுத்த நடை' என்று சொல்லிச் சொல்லியே காலமானார். ஊர்ப் பொருளையெல்லாம் சுமந்தவர் தமக்கென்று ஒரு பிடி சேது மண்ணைச் சுமந்து போகவில்லை.

தாய்க்கு இப்போது 84 வயது. அவர் மகனிடம் கேட்டது ஒன்றே: "உங்கப்பா போன ரோட்டுலயே போய்ட்டு வா, சாமி. எனக்கு ஒரு சொம்புத் தண்ணி போதும்."

காசி யாத்திரைக்கு நம் முன்னோர் வகுத்த முறை ஒன்றுண்டு. முதலில் இராமேசுவரம் சென்று சேதுவில் நீராடி மண் எடுக்க வேண்டும். அதை லிங்கமாகப் பிடித்துப் பூசித்துப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கை நீரை முகந்து, காசி விசுவநாதரைத் தரிசித்து, மீண்டும் இராமேசுவரம் வந்து இராமநாத சுவாமிக்கு அந்நீரால் அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு பெறும். போகும்போது மண், வரும்போது நீர். இந்த யாத்திரையில் சுமை என்பது வழிபாட்டின் ஒரு பகுதி.

பட்டறையில் பிறந்த கேரியர்

மேஸ்திரி லாரி பாடி கட்டிப் பழகியவர். அந்த அறிவையே மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுவந்தார். லாரியின் சேசிஸ் பள்ளம் மேடுகளில் சற்றே முறுக்கிக் கொள்ளும். பாடியை அதன்மீது நேரடியாக வெல்டிங் வைத்துவிட்டால் இரண்டில் ஒன்று விரிசல் காணும். எனவே இடையில் மரமோ ரப்பரோ கொடுத்து, யூ போல்ட்டால் இறுக்கிப் பிணைப்பது வழக்கம். "பிடிக்கவும் வேணும், கொஞ்சம் விட்டுக் கொடுக்கவும் வேணும்ங்க" என்றார் அவர்.

புல்லட்டின் சட்டகத்தில் எந்த இடத்திலும் அறுக்கவோ துளையிடவோ வெல்டிங் வைக்கவோ அவர் ஒப்பவில்லை. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. இரும்பின் வலிமையும் அதனால் கெடும். கம்பெனி கொடுத்த போல்ட் துளைகளையே அவர் தேடினார். பின் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட், இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட், பின்னிருக்கைக்காரர் கால் வைக்கும் தாங்கியின் போல்ட் என ஒவ்வொரு பக்கமும் மூன்று பிடிகள். வெறும் மட்கார்டுத் தகட்டில் மட்டும் தொங்கும் கேரியர் நூறு கி.மீ. போகும் முன் தகட்டைக் கிழித்துவிடும் என்பது அவர் அனுபவம்.

முதலில் மெல்லிய கம்பியை வளைத்து அளவு எடுத்தார். பிறகு அந்த வடிவத்துக்கு இரும்புப் பைப்பை வளைத்தார். அலுமினியம் எடை குறைவாயிற்றே என்று இளைஞன் கேட்டான்.

"அலுமினியம் ஒடைஞ்சா அதுக்குன்னு தனி மெஷின் தேடணும், தம்பி. இரும்பு ஒடைஞ்சா எந்த ஊர் ரோட்டோரத்திலயும் ஒட்டிடலாம்" என்றார் மேஸ்திரி.

பைப்புகளை வண்டியில் வைத்துப் பார்த்து, குறியிட்டு, ஓரிரு புள்ளிகளில் மட்டும் டாக் வைத்தார். பிறகு முழுச் சட்டத்தையும் கழற்றித் தரையில் கிடத்தி வெல்டிங்கை நிறைவு செய்தார். இடப்பக்கம் ஒரு சட்டம், வலப்பக்கம் ஒரு சட்டம், மேலே பலகை போல ஒரு தட்டு. இவை போதுமென்று இளைஞன் நினைத்தான். மேஸ்திரி பின்புறத்தில் இரு சட்டங்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு பைப் கொடுத்தார். அந்தக் குறுக்குப் பைப் இல்லையேல் பை கனத்தவுடன் சட்டம் உட்புறமாகச் சாய்ந்து சக்கரத்தைத் தொடும். சைலன்சர் இருக்கும் பக்கம் நான்கு விரல் இடைவெளி விட்டு, பை சூடேறாதிருக்கத் தகடு ஒன்றை மறைப்பாகப் பொருத்தினார். பின்விளக்கும், திரும்பும் குறி விளக்குகளும், எண் பலகையும் மறையாதபடி பார்த்துக்கொண்டார். சாரி கார்டைக் கழற்றவில்லை.

பிறகு இருவரையும் வண்டியில் ஏறி அமரச் சொல்லி, பின்புறத்தை அழுத்திக் குலுக்கினார். ஷாக் அப்சார்பர் முழுமையாக அமிழும்போதும் சட்டத்தின் எந்தப் பகுதியும் சக்கரத்தையோ சங்கிலியையோ தொடவில்லை. அதன் பின்னரே பிரைமரும் கறுப்பு வண்ணமும் பூசினார். ஒவ்வொரு பிடியிலும் ரப்பர் வாஷர், ஸ்பிரிங் வாஷர், எளிதில் கழலாத நட்டு.

வேலை முடிந்ததும் இளைஞன் சற்று விலகி நின்று பார்த்து, "இது நம்ம ஊர்ச் சுமைதாங்கிக் கல்லு மாதிரி இருக்கு, பெரியப்பா" என்றான்.

அவன் சொன்னது சரியே. நடந்து செல்வோர் தலைச்சுமையை இறக்கி வைக்கப் பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக, இறக்கி வைக்கப்படாமற்போன அவளது சுமைக்கு ஈடாக, குடும்பத்தார் நாட்டும் கல் அது. கொங்கு நாட்டுச் சாலைகளில் இன்றும் அங்கங்கே அதைக் காணலாம். இரண்டு நெடுக்கு, ஒரு குறுக்கு: கேரியரும் அதே வடிவில் நின்றது.

மேஸ்திரி ஒரு தொங்கு தராசைக் கொண்டுவந்தார். யாத்திரைக்கென்று கட்டி வைத்திருந்த பைகள் அனைத்தும் 41 கிலோ. அவர் தலையசைத்தார். "பக்கத்துக்கு 8, மேலே 8. மொத்தம் 24. அதுக்கு மேல ஒரு கிலோகூட வேண்டாம்ங்க. ரெண்டு பேரு உக்காந்திருக்கீங்க" என்றார்.

கனமானவை கீழே, சக்கர அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். மேல் தட்டில் போர்வை, துணி போன்ற இலேசானவை மட்டும். பின்னால் கனத்தால் முன்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது, ஹேண்டில் ஆடும். இரு பக்கமும் எடை சமமாக இருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் விளக்கிய மேஸ்திரி, "காவடி எடுக்கறவனைப் பாருங்க, ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் ஆட முடியும்" என்று முடித்தார். அடுப்பு, பாத்திரம், கூடாரம், இரண்டாம் ஜோடிச் செருப்பு எனப் பலவும் பட்டறையிலேயே பையிலிருந்து வெளியேறின.

சேதுவும் உறவும்

இராமேசுவரப் பயணம் கேரியருக்கு வெள்ளோட்டமாயிற்று. நூறு கி.மீ. கடந்ததும் நிறுத்தி எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கினார்கள்; புதிய வண்ணம் அமுங்குவதால் பிடி சற்றுத் தளரும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அக்கினி தீர்த்தத்திலும் ஆலயத்தின் 22 தீர்த்தங்களிலும் நீராடி, சேது மண்ணைப் பூசித்து, மஞ்சள் துணியில் முடிந்து பித்தளைச் சம்புடத்தில் வைத்துக்கொண்டு நாமக்கல் திரும்பினார்கள். வடக்கே செல்லும் சாலை அவர்கள் வீட்டு வாசல் வழியாகவே போகிறது.

அன்றிரவு உறவினர்களும் தெருவினரும் வந்தனர். காசிக்குப் போகிறவர் கையில் எதையாவது கொடுத்தனுப்புவது பெரும் புண்ணியம் அல்லவா? கங்கையில் சேர்க்க மஞ்சளும் காசும், அன்னபூரணிக்கு அரிசி, விசாலாட்சிக்குப் புடவை, திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவர ஆளுக்கொரு காலி கேன். 21 வீடுகளிலிருந்து வந்தவை ஒரு மூட்டையாயின. இளைஞன் தயங்கினான். பெரியவருக்கோ மறுக்க வாய் வரவில்லை. மூட்டையை மேல் தட்டில், இருக்கைக்குப் பின்னால் கட்டினார்கள். அது 11 கிலோ இருந்தது. விடியற்காலை ஆஞ்சநேயர் சந்நிதியில் வண்டியை நிறுத்தி வணங்கும்போது, மேஸ்திரியின் பட்டறை இன்னும் திறக்கப்படாததில் பெரியவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

வடக்கே

ஓசூரையும் பெங்களூரையும் கடந்து முதல் இரவு தங்கினார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணமில்லை. ஓரமாக ஒரு தனி வழி விட்டிருப்பார்கள். மறுநாள் ஆந்திரத்தின் வறண்ட பாறைக்குன்றுகளுக்கிடையே அனந்தபூரைக் கடந்து, மாலையில் கர்நூலை அடுத்த ஆலம்பூரை அடைந்தார்கள். துங்கபத்திரைக் கரையிலுள்ள இத்தலம் பதினெட்டுச் சக்தி பீடங்களுள் ஒன்று. சோகுளாம்பாள் சந்நிதிக்கு அருகே பாதாமிச் சாளுக்கியர் எழுப்பிய நவபிரம்ம ஆலயங்கள் நிற்கின்றன. பெயரில் பிரம்மா இருப்பினும் உள்ளே இருப்பவை சிவலிங்கங்கள். ஸ்ரீசைலம் அணையின் நீர்த்தேக்கம் பரவியபோது, கூடவெல்லிச் சங்கமேசுவரர் ஆலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூருக்குக் கொண்டுவந்து மீண்டும் கட்டினார்கள். ஒரு கோயிலையே சுமந்து வந்து இறக்கிய ஊர் அது.

ஐதராபாத்தின் வெளிவட்டச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. எனவே நகருக்குள் புகுந்து, நெரிசலில் பாதி நாளைக் கழித்து, நிர்மலில் தங்கி, நான்காம் நாள் நாகபுரியை அடைந்தார்கள். அதற்குள் வண்டியின் நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஹேண்டில் இலேசாக ஆடியது. சாலையின் குறை என்று பெரியவர் சொன்னார். சாலை நன்றாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை இராம்டெக் குன்றில் ஏறி இராமபிரானைத் தரிசித்தார்கள். வனவாசத்தின்போது இராமன் தங்கிய இடம் என்பது நம்பிக்கை. காளிதாசனின் மேகதூதத்தில் யட்சன் வாழ்ந்த மலை இதுவே என்றும் சொல்வர். அங்கிருந்து வடக்கே பெஞ்ச் வனப்பகுதி. விலங்குகள் சாலையைக் கடக்க வேண்டியதில்லாமல், சாலையையே தூண்களின்மீது உயர்த்தி, கீழே காட்டுக்கு வழி விட்டிருக்கிறார்கள். புலிக்கும் மானுக்கும் வழி விட்ட அந்தப் பாலங்களைக் கடந்து சிவனிக்கு அப்பால் சென்றபோது, பின்னிருக்கையில் இருந்த இளைஞனுக்கு முதுகுப் பக்கம் ஒரு சிணுங்கல் ஒலி கேட்டது.

வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். வலப்பக்கச் சட்டம் மேல் தட்டோடு சேரும் இடத்தில், கறுப்பு வண்ணத்தின் குறுக்கே மயிரிழை போல ஒரு வெள்ளிக்கோடு. கையால் தட்டை அசைத்தபோது கோடு வாய் திறந்தது.

இறக்கி வைத்த இடம்

அரை கி.மீ. தள்ளி, லாரிகள் நிற்கும் ஒரு தாபா இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். வரிசையில் மூன்றாவதாக நின்ற லாரியின் எண் டி.என். 28 என்று தொடங்கியது. நாமக்கல் வண்டி. ஓட்டுநர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்.

"எந்த ஊருங்கண்ணா?" என்றார். ஊரையும் தெருவையும் சொன்னதும், பெரியவரின் தந்தை எந்த முதலாளியிடம் ஓட்டினார் என்பது வரை விசாரித்தார். பிறகு கேரியரைக் குனிந்து பார்த்து, "கட்டுனவரு சரியாத்தான் கட்டியிருக்காரு. நீங்க ஏத்துனதுதான் தப்புங்க" என்றார். பெரியவர் தலை குனிந்தார்.

சாலைக்கு அப்புறம் ஒரு தகரக் கொட்டகையில் வெல்டிங் பட்டறை. கேரியர் வெறும் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்ததால் கால் மணி நேரத்தில் முழுதும் கழன்று வந்தது. வண்டியில் வைத்தே ஒட்டியிருந்தால் அதன் மின்சாரப் பகுதிகளுக்குத் தீங்கு நேரக்கூடும். அந்தக் கவலை இல்லை. விரிசலை உரசித் திறந்து, புதிதாக ஒட்டி, மூலையில் முக்கோணத் துண்டுத் தகடு ஒன்றை வைத்துத் தந்தார் அந்த வெல்டர். இரும்பு என்பதால் நடந்த காரியம் இது. நாமக்கல் மேஸ்திரியின் சொல் இளைஞனுக்கு நினைவுக்கு வந்தது.

கேரியர் சீராகிவிட்டது. மூட்டையை என்ன செய்வது? ஓட்டுநர் நாமக்கல் திரும்பும் வழியில் இருந்தார். "இங்க குடுங்க. நாலு நாள்ல உங்க வீட்டுல சேத்துடறேன்" என்றார். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. 21 குடும்பங்களின் நம்பிக்கை அல்லவா அது? கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாபாவில்தான், அல்லது அதைப் போன்ற ஒன்றில்தான், தம் தந்தையும் லோடு இறக்கிவிட்டு உட்கார்ந்து, மேலே போவதா திரும்புவதா என்று எண்ணியிருப்பார். பிறர் சுமையை இறக்கி வைக்கத் தெரியாததால்தான் அவர் ஒவ்வொரு முறையும் திரும்பினார்.

இறுதியில் பெரியவர் ஒரு தாளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதியிருந்த பெயரையும் நட்சத்திரத்தையும் கோத்திரத்தையும் வரிசையாக எழுதினார். மஞ்சளும் காசும் மட்டும் ஒரு சிறு பையில் வந்தன. அரிசியும் புடவையும் காலி கேன்களும் லாரியில் ஏறின. தாளை மடித்துச் சேது மண் சம்புடத்தின் கீழே வைத்தார். பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் எடை இல்லை.

அதன்பின் ஹேண்டில் ஆடவில்லை.

திரிவேணியும் காசியும்

ஜபல்பூரில் நருமதையை வணங்கி விந்தியத்தைக் கடந்தார்கள். உயர்ந்துகொண்டே போன விந்தியனைத் தணியச் செய்து தென்திசை வந்தவர் அகத்தியர். தாம் திரும்பும் வரை தலை நிமிராதிருக்கப் பணித்து வந்தவர், திரும்பவேயில்லை என்பது கதை. தமிழ் முனிவர் தெற்கே வந்த வழியில் தமிழர் இருவர் வடக்கே சென்றனர்.

பிரயாகையில் படகேறிச் சங்கமத்தை அடைந்து, கங்கையின் வெளிர்நிறமும் யமுனையின் கரும்பச்சையும் கலக்கும் இடத்தில் சேது மண்ணைக் கரைத்தார்கள். தந்தைக்குத் தர்ப்பணம் செய்தபின், தாளைப் பிரித்து 21 குடும்பங்களின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சங்கற்பம் செய்தார் பெரியவர். ஒரு பிடி மண்ணின் எடை குறைந்தது. மனத்தின் எடை அதைவிட மிகுதியாகக் குறைந்தது என்று பிறகு தம் தாயிடம் சொன்னார்.

காசியில் மூன்று இரவுகள் தங்கி, கங்கையில் நீராடி, விசுவநாதரையும் அன்னபூரணியையும் விசாலாட்சியையும் காலபைரவரையும் தரிசித்தார்கள். நீர் எடுக்கும் நேரம் வந்தது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் 42 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கேரியரின் அளவு 24. இம்முறை பெரியவர் கணக்குப் போட இளைஞனைக் கேட்கவில்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்று, வாய் அடைத்த செப்புச் சொம்பு ஒன்று, அவ்வளவே. கேன் இடப்பக்கப் பையின் அடியில் அமர்ந்தது. அதற்குச் சமமாக ஸ்பானர்களும் மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் வலப்பக்கம் சென்றன.

"தெருவுல கேப்பாங்களே, பெரியப்பா?" என்றான் இளைஞன்.

"ஒரு குடம் தண்ணியில ஒரு சொட்டு விட்டா அந்தக் குடமே கங்கைடா. உங்க அப்பாயி சொல்லுவாங்க" என்றார் அவர்.

நிறைவு

திரும்பும் வழியில் வீட்டு வாசலைக் கடந்தும் அவர்கள் உள்ளே நுழையவில்லை. அபிஷேகம் ஆகாமல் யாத்திரை நிறைவதில்லை. தாயார் மற்ற உறவினரோடு ரயிலில் இராமேசுவரம் வந்து காத்திருந்தார். இராமநாத சுவாமிக்குக் கங்கை நீர் அபிஷேகமாகியது. 84 வயது அன்னை நீண்ட பிராகாரத்தின் தூண் ஒன்றைப் பற்றியபடி நின்று, "இப்பத்தான் அவரு லோடு எறக்கினாரு" என்றார்.

நாமக்கல்லில் 21 வீட்டுக் குடங்களிலும் கேனில் மிஞ்சிய நீர் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்ந்தது. தாபாவில் கொடுத்த மூட்டை அவர்களுக்கு முன்பே பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்த அரிசி ஆஞ்சநேயர் சந்நிதி வாசலில் அன்னதானமாயிற்று. புடவை நாமகிரித் தாயாருக்குச் சாத்தப்பட்டது. செப்புச் சொம்பு மட்டும் திறக்கப்படாமல் பூசையறையில் இருக்கிறது.

பெரியவர் கேரியரைக் கழற்றி மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினார். மேஸ்திரி முக்கோணத் தகட்டைத் தடவிப் பார்த்தார். அதிகச் சுமை ஏற்றியதை அவர் கேட்கவுமில்லை, பெரியவர் மறைக்கவுமில்லை. "நல்லா ஒட்டியிருக்காரு" என்று மட்டும் சொல்லி, மறுபக்கத்திலும் அதே போன்ற தகடு ஒன்றை ஒட்டித் தந்தார். இப்போது அது பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. புல்லட்டில் யாத்திரை செல்வோர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போய், திரும்பியதும் அதே ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். வாங்குவோர் ஒவ்வொருவரிடமும் மேஸ்திரி முதலில் தராசைத்தான் நீட்டுகிறார்.

நாமக்கல் சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ., கரூரிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில், இன்றைய 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது. நெடும்பயணம் புறப்படுவோர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தி, எதிரே நரசிம்மரையும் நாமகிரித் தாயாரையும் வணங்கிச் செல்வது வழக்கம். மலையைச் சுமந்தவர் அங்கே கைகூப்பி நிற்கிறார். அந்தக் கைகளில் இப்போது சுமை ஏதுமில்லை.